ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே: மதுரைச் சமவெளியில் வீட்டுக் கறவை மாடு

மதுரை மாநகரின் விளிம்பிலும் அதைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் ஒரு மாடோ இரண்டு மாடோ வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்களின் நிலையை அளக்க இன்று இரண்டு அளவுகோல்களே வழக்கில் உள்ளன. ஒன்று லிட்டர், மற்றொன்று, பாலின் அடர்த்தியைக் குறிப்பதற்குச் சிற்றூர் மக்கள் வழங்கும் ‘டிகிரி’. பால் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடும் தனியார் பால் நிறுவனத்தின் முகவர் தரும் சீட்டும் அரசின் ஆண்டறிக்கையும் இவ்விரண்டையுமே பேசுகின்றன. ஆனால், ஒரு வீட்டில் மாடு நிலைக்குமா, கடனோடு சந்தைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது வேறோர் அளவு. ஒரு கன்றை ஈன்ற மாடு அடுத்த கன்றை ஈனுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமே அது. கால்நடை அறிவியல் இதனை ஈற்று இடைவெளி என்று குறிப்பிடும். சங்கத்தின் பதிவேட்டில் ஏறாத இந்த அளவு பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் கண்ணையும் காதையும் நம்பியே நிற்கிறது என்பதையும், அவருடைய இந்த அறிவுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

நகரத்துக்குப் பால்பொருள் அளிக்கும் சேரி நகரத்துக்கு வெளியே இருப்பது மதுரைக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அடைக்கலமாகத் தங்கியது மதுரைக் கோட்டைக்குப் புறத்தே இருந்த ஆயர்பாடியில், மாதரி என்னும் முதிய ஆய்ச்சியின் பொறுப்பில். அப்பாடியின் மகளிர் முறைவைத்து அரண்மனைக்கு நெய் அளித்துவந்தனர் என்பதும், குடத்துப் பால் உறையாமற் போனதைக் கண்டு அவர்கள் தீக்குறி உணர்ந்தனர் என்பதும் அந்நூலிலேயே வருகின்றன. நகருக்குப் புறத்தே இருந்த செல்லூரும் அவனியாபுரமும் விளாங்குடியும் இன்று நகருக்குள் வந்துவிட்டன. வைகையின் வறண்ட படுகையில் நகரத்து வீட்டு மாடுகள் இன்றும் மேய்கின்றன.

நகருக்கு வெளியே இச்சமவெளி இரு வேறு உலகங்களாகப் பிரிகிறது. 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பகுதிக்குத் திருப்பப்பட்டதால் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வட்டாரங்கள் நெல் விளையும் நிலமாயின. அங்கே அறுவடைக்குப் பின் வீட்டுக்குப் பின்புறம் வைக்கோல் படப்பு எழும். மாட்டுக்கு ஆண்டு முழுதும் உலர்தீவனம் உண்டு. மேற்கிலும் தெற்கிலும் உள்ள உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் வட்டாரங்களோ பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி நிலங்கள். அங்கே சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் கண்மாய் உள்வாயில் முளைக்கும் புல்லும்தான் மாட்டின் ஆதாரம். ஒரே மாவட்டத்தில், ஒரே விலைக்குப் பால் ஊற்றும் இரு வீடுகளுக்கிடையே தீவனச் செலவில் பெரும் ஏற்றத்தாழ்வு இருப்பதற்கு இந்த நிலவேறுபாடே முதற்காரணம்.

இவ்வீடுகளில் இன்று நிற்பது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பின மாடு. ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கால்வாய்த் தீவுகளுள் ஒன்றில் தோன்றிய சிறிய உடலுள்ள இனம். கொழுப்பு மிகுந்த பால் தருவது. அதன் காளை விந்தை நாட்டுப் பசுவுக்குச் செலுத்திப் பெற்ற கலப்பினம், வெப்பத்தை ஓரளவு தாங்கும் திறனும் கூடுதலாகக் கறக்கும் திறனும் ஒருங்கே கொண்டது. மதுரை, சிவகங்கை வட்டாரத்தின் சொந்த இனமான புலிக்குளம் மாடு வேறொரு வாழ்முறையைச் சேர்ந்தது. அது நூற்றுக்கணக்கில் கூட்டமாக மேய்ந்து, இரவில் தரிசு வயல்களில் கிடை போட்டு, அதாவது மந்தையாக அடைக்கப்பட்டு, சாணத்தாலும் கோமியத்தாலும் நிலத்துக்கு உரமளிப்பது. அதன் காளைகள் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைக் கடந்து புகழ்பெற்றிருந்தாலும், அதன் பசு தன் கன்றுக்குப் போகக் கொடுக்கும் பால் சொற்பமே. ஆகவே வீட்டுப் பால்வளம் என்று பேசும்போது பேச்சு கலப்பினத்தையே சுற்றிவருவது இயல்பு. கலப்பினம் கொண்டுவந்த பாலைக் கணக்கிட்டவர்கள், அதனோடு வந்த புதிய கவனத் தேவைகளைக் கணக்கிடத் தவறியதே பின்னர் வந்த இடர்களுக்குக் காரணம் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது.

பால் விற்பனையின் அமைப்பைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 1946-இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் உருவான கூட்டுறவு ஒன்றியத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழியே நாடெங்கும் பரவிய மூன்றடுக்கு முறையே தமிழ்நாட்டிலும் நிலவுகிறது. ஊரில் தொடக்கப் பால் உற்பத்தியாளர் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் 1981-இல் அமைந்த இணையம் என்பவை அம்மூன்று அடுக்குகள். இணையத்தின் வணிகப் பெயரே ஆவின். பசும்பாலின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஊரில் இச்சங்கத்தைச் ‘சொசைட்டி’ என்றே வழங்குவர்.

சொசைட்டியின் மேசையில் நடக்கும் சோதனையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது தகும். கொழுப்பைக் கண்டறியும் முறை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் உருவாக்கியது. குறுகிய கழுத்துடைய கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலத்தையும் 10.75 மில்லி பாலையும் 1 மில்லி அமைல் ஆல்கஹாலையும் ஊற்றி, அடைத்துக் குலுக்கிச் சுழற்றும்போது, அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, பிரிந்த கொழுப்பு கழுத்தில் ஏறி மஞ்சள் நிறத்தில் நிற்கும். அங்கே கோடிட்ட அளவைப் படித்தால் விழுக்காடு கிடைக்கும். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவி இவ்வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. மற்றொன்று லேக்டோமீட்டர், பாலில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடி மிதவை. கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள புரதம், சர்க்கரை, தாதுக்கள் ஆகியவற்றைக் கொழுப்பற்ற திடப்பொருள் என்பர். அதன் அளவு இந்த மிதவையின் கணக்கிலிருந்தும் கொழுப்பின் கணக்கிலிருந்தும் சேர்த்துப் பெறப்படும். இந்திய உணவுத் தர விதிகளின்படி பசும்பாலில் கொழுப்பு 3.2 விழுக்காட்டுக்கும் கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது.

இங்கே ஒரு நுட்பத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மிதவை எவ்வளவு மேலே நிற்கிறதோ அவ்வளவு டிகிரி. மடியிலிருந்து இறங்கிய சூடு ஆறாத, நுரை அடங்காத பால் அடர்த்தி குறைந்து நிற்பதால் அதில் மிதவை ஆழ்ந்துவிடும். தண்ணீர் கலக்காத பாலுக்கும் டிகிரி குறைவாகக் காட்டும். கொழுப்பு நீரைவிட இலேசானது ஆகையால், கொழுப்பு மிகுந்த பாலுக்கும் மிதவை மட்டும் தாழ்ந்த எண்ணையே சொல்லும். வெப்பத்துக்குரிய திருத்தத்தைச் செய்யாமல், கொழுப்பையும் சேர்த்துப் பாராமல், மிதவையை மட்டும் நம்பி விலை வைக்கும் இடத்தில், சொசைட்டிக்குப் பக்கத்து வீட்டார் சூடாறாத பாலைக் கொண்டுவந்த மாத்திரத்தில் ‘டிகிரி வரவில்லை’ என்ற சொல்லைக் கேட்க நேர்வது அவருடைய நேர்மைக் குறைவால் அன்று. இச்சொல் ஒரு பெண்ணின் மேல் ஊரறியச் சுமத்தப்படும் பழியாகவே உணரப்படுகிறது என்பதால், வெப்பமானி ஒன்றும் அச்சிட்ட சீட்டு ஒன்றும் சோதனை மேசையில் இருப்பது வெறும் நிர்வாக நுணுக்கமாகக் கருதத்தக்கதன்று. அது மானம் சார்ந்த செய்தி.

மாலைப்பாலில் கொழுப்புக் கூடுவதும் காலைப்பாலில் குறைவதும் கறவை நேரங்களுக்கிடையேயுள்ள இடைவெளியால் நிகழ்வன. விடியுமுன் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் சொசைட்டி பால் எடுப்பதால், காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே சுமார் 10 மணி நேரமும், பிற்பகலுக்கும் மறுநாள் காலைக்கும் இடையே சுமார் 14 மணி நேரமும் அமைகின்றன. நீண்ட இடைவெளியில் மடி மிகுதியாக நிறையும். பால் கூடும், கொழுப்பின் விழுக்காடு தாழும். சங்கத்தின் வண்டி வரும் நேரம் இவ்வாறு மாட்டின் மடிக்குள்ளும் வீட்டின் உறக்கத்துக்குள்ளும் புகுந்து ஒழுங்கமைக்கிறது.

கறவை என்னும் செயலே உடலியல் சார்ந்த ஓர் உடன்பாடு. பசுவின் மடி ஒன்றோடொன்று கலவாத நான்கு கூறுகளாலானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. கன்று முட்டிக் குடிக்கும்போதோ, பழகிய கை வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவும்போதோ மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரை இரத்தத்தில் விடுகிறது. அது சென்று பாற்பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளை இறுக்க, பால் காம்புக்கு இறங்குகிறது. இதனை மாடு ‘சுரப்பு விடுதல்’ என்பர். இவ்விளைவு ஏழெட்டு நிமிடங்களுக்குமேல் நில்லாது. அதற்குள் கறந்து முடிக்காவிட்டால் எஞ்சிய பால் மடியிலேயே தங்கும். அச்சம், அடி, புதிய ஆள், குரைக்கும் நாய் ஆகியவற்றால் அட்ரீனலின் சுரந்து, பால் இறங்குவது தடைப்படும். ‘மாடு பாலை எக்கிக்கொண்டது’ என்று வீட்டார் சொல்வது இதனையே. ஆகையால்தான் ஒரு வீட்டில் ஒரே கை கறப்பதும், கறப்பவர் வெளியூர் போக முடியாததும் நிகழ்கின்றன. கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை இழுப்பது பரவலான பழக்கம். அது காம்பின் உள்தோலைக் காயப்படுத்தி மடிநோய்க்கு வழிவகுக்கும். ஐந்து விரல்களையும் சேர்த்து முழுக்கையால் பிழிவதே முறை.

மடிநோய் என்பது நுண்ணுயிர்கள் காம்பின் துளை வழியே ஏறி மடியை வீங்கவைத்துப் பாலைத் திரிதிரியாக்கும் நோய். கறந்து முடித்த பின் காம்புத்துளை மூட ஏறத்தாழ அரைமணி நேரமாகும்; அந்நேரத்தில் மாடு சாணத்தில் படுத்துவிடாமல் இருக்கக் கறந்தவுடன் தீவனம் வைத்து நிற்கச் செய்வது எளிய காப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை ஆய்வு மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திய மருந்து இன்று நாடெங்கும் அறியப்பட்டது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர்விட்டுக் கரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பத்து முறைவரை பூசுவது அது. நோய் முற்றியபின் எந்த மருந்தாலும் அக்காம்பு மீளாமற் போகக்கூடும் என்பதால் முதல் நாளிலேயே செய்வதும், மருத்துவரை அழைப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதப்படக் கூடாதவை.

தீவனத்தில் சமவெளியின் வறுமையும் அறிவும் ஒருங்கே வெளிப்படுகின்றன. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் புரதம் மிகக் குறைவு, அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலுக்குச் சேரவிடாது. ஆகவே நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாதுஉப்புக் கலவையும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனமும் தேவை. கறக்கும் ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம், அதாவது புண்ணாக்கு, தவிடு, பொட்டு, பருத்திக்கொட்டை ஆகியவற்றின் கலவை, வேண்டும். பால் உற்பத்திச் செலவில் மூன்றில் இரு பங்கு தீவனத்துக்கே போகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. நகர விளிம்பில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்த்துவைக்கும் கழனித் தண்ணீர் இச்செலவை ஓரளவு தாங்குகிறது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் குலுதாடியில், அதாவது மாடு குடிக்கும் தொட்டியில், தவிட்டோடு சேரும். கொடுத்த வீட்டுக்குச் சீம்பாலோ வாசல் தெளிக்கச் சாணமோ திரும்பிப் போகும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை மட்டும் இதில் சேர்க்கலாகாது. ஒரே வேளையில் மிகுதியாக உண்ட சோறு அசையூண் பையில் புளித்து அமிலமாகி மாட்டைச் சாய்த்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் அளவின்றி ஊட்டப்படும் பொங்கலாலும் இதே கேடு நேர்கிறது. மானாவாரிப் பகுதியில் வேறோர் இடர் உண்டு. மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உருவாகும்; பூக்குமுன் அதை மேய்ந்த மாடு சில நிமிடங்களில் இறக்கக்கூடும்.

இவ்வளவும் பால் தரும் மாட்டுக்கு. பால் வற்றிய மாட்டுக்கும் வைக்கோலும் தவிடும் தண்ணீரும் வேண்டும் என்பதிலிருந்தே ஈற்று இடைவெளியின் கணக்கு தொடங்குகிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று ஈன்று இரண்டு, மூன்று மாதங்களுக்குள் மீண்டும் சினைபிடித்தால், சுமார் 12, 13 மாதங்களில் அடுத்த ஈற்று வரும். பத்து மாதம் கறந்து, ஈற்றுக்கு முந்திய 60 நாள் மடிக்கு ஓய்வளித்துக் கறவையை நிறுத்துவதற்கும் அது பொருந்தும். மாறாக, சினைபிடிப்பது எட்டு, ஒன்பது மாதத்துக்குத் தள்ளிப்போனால் இடைவெளி 18 மாதமாகும். தலைஈற்றுக்குப் பின் வரும் ஆறு ஆண்டுகளில், முன்னதில் ஐந்து ஈற்றும் பின்னதில் நான்கு ஈற்றும் கிட்டும். நாளொன்றுக்குச் சராசரி 7 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும் மாடு என்று கொண்டால், ஓர் ஈற்றின் பால் 2,100 லிட்டர். லிட்டர் 38 ரூபாயில் அது ஏறத்தாழ 80,000 ரூபாய். சினையாகாத மாடு சில மாதம் நீட்டிக் கறப்பதால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகும் என்றாலும், அப்போது கறப்பது வேளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்தான், தீவனமோ குறைவதில்லை. மாடு வாங்கிய கடனின் தவணை அந்த மாதங்களிலும் வந்து நிற்கும்.

சினைபிடிப்பதற்கு முதல் தேவை, மாடு பருவத்துக்கு வந்ததை அறிவது. 21 நாளுக்கு ஒருமுறை வரும் இப்பருவம் முக்கால் நாளுக்குமேல் நீடிப்பதரிது. மாடு ஓயாமல் கத்தும், அடிக்கடி சிறுநீர் விடும், பால் குறையும், பிறப்புறுப்பு தடித்துச் சிவந்து, முட்டையின் வெள்ளைக்கரு போன்ற தெளிந்த கோழை வாலில் ஒட்டித் தொங்கும். இவற்றுள் மிக உறுதியான அறிகுறி, பிற மாடு தன்மேல் ஏறும்போது விலகாமல் நிற்பது. பெரும் பண்ணைகளில் இதை ஒருவர் வேலிக்கு வெளியே நின்று கண்டுவிடலாம். ஆனால் ஒரே ஒரு மாடு முளையில் கட்டிக்கிடக்கும் வீட்டில் ஏறுவதற்கு வேறு மாடு இல்லை. அந்த முதன்மையான அறிகுறி அவ்வீட்டுக்கு இயற்கையாகவே மறுக்கப்படுகிறது. மேலும், இவ்வறிகுறிகள் பல இரவின் குளிர்ந்த வேளையிலேயே வெளிப்படுகின்றன. கோடையில் மதுரையின் வெப்பம் 40 பாகையை எட்டும் நாட்களில் கலப்பின மாடு கத்தாமலே பருவம் கடந்துபோவதும் உண்டு. இதனை ஊமைப் பருவம் என்பர். எனவே கோழையின் தன்மையை விடியற்காலையில் தொழுவைக் கூட்டும்போது தரையில் கண்டறியும் பெண்ணும், ‘மதினி, ராத்திரி பூரா உங்க மாடு கத்திக்கிட்டே கெடந்துச்சே’ என்று சுவருக்கு அப்பாலிருந்து சொல்லும் அண்டை வீட்டாருமே இச்சமவெளியின் இனப்பெருக்கப் பணியாளர்கள் எனின் மிகையாகாது.

கண்டபின் காலம் கடத்தலாகாது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்பது விதி. சினை ஊசி என்பது செயற்கைக் கருவூட்டலுக்கு மக்கள் வழங்கும் பெயர். இந்தியாவில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் முதன்முதலில் மேற்கொண்ட இம்முறை, இன்று திரவ நைட்ரஜனில் சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறையவைத்த விந்துக்குச்சிகளால் நடைபெறுகிறது. குச்சியை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் உருக்கி உடனே செலுத்த வேண்டும். இதில் நேரும் சிறு கவனக்குறைவும் 21 நாளைத் தின்றுவிடும். முதல் ஊசியிலேயே எல்லா மாடும் நிற்பதில்லை. களத்தில் பாதிக்கும் குறைவான ஊசிகளே பலிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தும் மாட்டுக்கு அன்று மாலை ஊசி போட ஆள் கிடைக்காவிட்டால், சங்கத்தின் பதிவேட்டில் அது எந்த வரியிலும் ஏறாது. வீட்டின் கணக்கிலோ, பால் வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய்த் தீவனம் என்று வைத்தால் 2,520 ரூபாயாக அது ஏறிவிடும். ஊசி போட்ட 60 முதல் 90 நாளுக்குள் மருத்துவர் கைவைத்துப் பார்த்துச் சினையை உறுதிசெய்வது இன்றியமையாதது. சினை என்று நம்பி ஏழு மாதம் காத்திருந்து, சினையில்லை என்று அறியும் வீடுகள் இல்லாமலில்லை. அவற்றின் துயரம் பெரிது.

ஈற்றுவேளை வீட்டின் பெருநாள். ஈன்ற மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழும்வரை யாரேனும் விழித்திருப்பர். விழுந்ததை வைக்கோலில் பொதிந்து ஆலமரம் போன்ற பால்மரத்தின் கிளையில் கட்டுவது இன்னும் பல ஊர்களில் காணும் வழக்கம், நாய் இழுக்காமல் காப்பதும் அதனால் நிறைவேறுகிறது. முதல் சில நாட்களின் சீம்பாலைக் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து அவித்து உறவினர்க்குப் பங்கிடுவர். இவ்வழகிய வழக்கத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். கன்று பிறக்கும்போது அதன் உடலில் நோயெதிர்ப்புப் பொருள் இல்லை; சீம்பாலிலிருந்தே அதைப் பெறுகிறது; பெறும் திறன் முதல் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைக் குடிக்கவிடக் கூடாது என்று சில வீடுகளில் நிலவும் எண்ணம் கன்றின் உயிரோடு விளையாடுவதாகும். கன்று முட்டிக் குடிப்பதால் சுரக்கும் அதே ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்கி, நஞ்சுக்கொடி விழ உதவுகிறது. கன்று காளையாகப் பிறந்தால் வீட்டின் முகம் வாடுவதும் உண்மை. உழவுக்கும் வண்டிக்கும் தேவையற்றுப்போன கலப்பினக் காளைக்கன்றுக்குப் பாலை விடுவதில் கைச்சுருக்கம் தோன்றுகிறது. கிடேரி பிறக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒன்பதாக்கும், பாலினம் பிரித்த விந்து இப்போது கிடைத்துவருவது இச்சங்கடத்தைக் குறைக்கும் எனினும், அதன் விலையும், சினைபிடிக்கும் வீதம் சற்றுக் குறைவாயிருப்பதும் ஒற்றை மாட்டு வீட்டைத் தயங்கவைக்கின்றன.

மாட்டுக்காகக் கடன் பெறுபவரும், அதனைக் கவனிப்பவரும் பெரும்பாலும் பெண்களே. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம், பெண்கள் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தமக்குள் கடன் கொடுக்கும் குழுக்களை இச்சமவெளியில் வேரூன்றச் செய்தது. அவ்வியக்கத்தின் முகமாக அறியப்பட்ட புல்லுச்சேரி சின்னப்பிள்ளை 2019-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தகைய குழுக்களில் கறவை மாட்டுக் கடன் வழக்கமான ஒன்று. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டமும் பெண்களையே பயனாளிகளாகக் கொண்டது. இருந்தும், மாட்டைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் இடங்களில் ஆண்களே மிகுந்திருக்கின்றனர். தீவனம் வாங்குவதும் கறப்பதும் சாணம் அள்ளுவதும் பருவம் கண்டறிவதும் மனைவி. சங்கத்தில் பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராயிருப்பதும் பேரவையில் கையெழுத்திடுவதும் கணவர் என்ற நிலை பல வீடுகளில் நீடிக்கிறது.

மேய்ச்சல் நிலம் சுருங்கிவருவதும் அப்பெண்களின் உழைப்பாகவே மாறுகிறது. கண்மாய்களின் உள்வாய்ப் புல்வெளிகளைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. 2016 இறுதியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அம்மரத்தை அகற்ற ஆணையிட்டும், வெட்டிய வேரிலிருந்து அது மீண்டும் துளிர்த்தது. அதன் இலையை மாடு தொடாது, நெற்றைத் தின்னும், விதையைச் சாணத்தோடு பரப்பும். நகருக்குள் பல கண்மாய்களே கட்டடங்களாயின. நகர்ப்புறங்களில் விலங்குகளை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது; தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சி பிடித்துத் தண்டம் விதிப்பதும் போக்குவரத்தைக் கருதினால் தவிர்க்க முடியாதது. எனினும், மேயும் வெளியைப் பறித்தபின் மேய்வதைக் குற்றமாக்குவது ஒருதலையான நீதி. அறுத்த புல்லை விலைக்கு வாங்கிச் சுமந்துவரும் நடை, நகர விளிம்பின் பெண்களுக்கு இதனாலேயே கூடியது.

இனித் தீர்வுக்கு வருவோம். நடுவண் அரசு 2019-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி ஆண்டுக்கு இருமுறை போடப்படுகிறது. 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை ஒவ்வொரு மாட்டின் காதிலும் தொங்குகிறது. அவசரத்துக்கு 1962 என்னும் எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியை அழைக்கலாம். ஆக, ஒவ்வொரு மாட்டையும் தனித்தறியும் ஏற்பாடு ஏற்கெனவே நிலவுகிறது. அந்த எண்ணோடு ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், சினை உறுதியான நாள் என்னும் நான்கு தேதிகளைச் சொசைட்டியின் பால் அட்டையிலேயே சேர்ப்பதற்கு ஒரு பக்கம் போதும். ஈன்று 90 நாளாகியும் ஊசி போடாத மாடுகளின் பட்டியலைச் சங்கச் செயலர் மாதந்தோறும் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பலாம். விடுமுறை நாட்களில் ஊசி போடுபவருக்கான படியை ஒன்றியம் ஏற்கலாம். மாதம் ஒருநாள் பால் எடுக்கும் இடத்திலேயே சினைப் பரிசோதனை நடத்தலாம். அந்த அட்டை மாட்டைக் கவனிக்கும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அவரே சங்கத்தின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் மறுமாதமே இது நடைமுறைக்கு வந்துவிடும்.